அன்ஃபார்ச்சுனேட்லி: ஓர் ஆங்கில வினையடையின் அசையும் அழுத்தமும் உறுப்பும்

'அன்ஃபார்ச்சுனேட்லி' என்ற வினையடை ஆங்கிலம் படித்த தமிழர் எல்லாருக்கும் பழக்கமானது. சொல்லப்போவது வருந்தத்தக்க செய்தி என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும் சொல் அது. எழுதினால் 13 எழுத்து. பிரிட்டனின் பொதுவழக்கில் உச்சரித்தால் 11 ஒலி. அசை 5. பொருள் தாங்கும் உறுப்பு 4. முதன்மை அழுத்தம் ஒன்றே ஒன்று.

இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்குக் காரணம் உண்டு. நீண்ட ஆங்கிலச் சொல்லை ஒலி ஒரு வகையாகப் பிரிக்கிறது; பொருள் வேறு வகையாகப் பிரிக்கிறது; அச்சு தனக்கென்று மூன்றாவது கோடு கிழிக்கிறது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால்தான் கற்பவருக்குக் குழப்பம் வருகிறது. ஒலிப் பகுப்பை ஆள்வது அழுத்தம். அது எந்த அசையில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த உயிர் குறுகும், எந்த மெய் திரியும் என்பவை பெரும்பாலும் தாமே விளங்கும். நம் வகுப்பறைகளிலோ எழுத்துக்கூட்டல் முதலில் வருகிறது. அழுத்தம் கடைசியில் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. இந்த வரிசை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ்நாட்டில் வழங்கும் வடிவத்திலேயே எழுதுகிறேன். ஆங்கிலேயர் வாயில் அவை எப்படி ஒலிக்கின்றன என்று காட்ட வேண்டிய இடங்களில் அதைத் தனியே சொல்கிறேன்.

அசை: எண்ணிக்கையில் உடன்பாடு, எல்லையில் வழக்கு

அசை என்பதை இங்கே மொழியியல் பொருளில் ஆள்கிறேன். ஓர் உயிரொலி உச்சியாக நிற்க, அதன் முன்னும் பின்னும் மெய்கள் சேர்ந்து எழும் ஒலிக்கூறு அது. யாப்பிலக்கணத்தின் அசை வேறு. 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. மொழியியல் கணக்கில் 'ம', 'லர்' என இரண்டு அசை.

ஆங்கிலேயர் வாயில் நம் சொல் ஏறக்குறைய 'அன்-ஃபோ-ச்ச-நட்-லி' என்று ஒலிக்கிறது. அமெரிக்கர் வாயில் இரண்டாம் அசையில் ரகரம் கேட்கும்; தென் இங்கிலாந்தின் பொதுவழக்கில் அது கேட்காது. ஐந்து அசை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. விரைந்து பேசும்போது மூன்றாம் அசையின் உயிர் நழுவி, 'அன்-ஃபோச்-நட்-லி' என நான்காகச் சுருங்குவதும் உண்டு.

ஓர் அசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் விதி, இரண்டு உயிர்களுக்கிடையே வரும் மெய்களில் இயன்றவரை அதிகமானவற்றைப் பின் அசைக்குத் தர வேண்டும் என்பது. தரப்படும் மெய்க்கூட்டம் ஆங்கிலச் சொல்லின் முதலில் வரத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதற்கு வரம்பு. நம் சொல்லின் இறுதியில் டகரமும் லகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'ட்ல' என்று தொடங்கும் சொல் இயல்பான ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே டகரம் முன் அசையோடு நிற்கிறது. லகரம் பின் அசைக்குப் போகிறது. இந்த ஒரு எல்லையில் ஐயமில்லை.

மற்ற எல்லைகள் அப்படியல்ல. மேற்சொன்ன விதிப்படி சகர ஒலி மூன்றாம் அசைக்குச் சேரும். பிரிட்டிஷ் ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் 1990இல் இதற்கு மாறான விதியை முன்வைத்தார். மெய்யானது தன் இருபுறமும் உள்ள அசைகளில் எது அதிக அழுத்தம் பெற்றதோ அதனோடு சேரும்; இரண்டும் சமமானால் முன்னதோடு சேரும் என்றார். அவர் விதிப்படி சகரம் அழுத்தம் பெற்ற இரண்டாம் அசையோடு ஒட்டிக்கொள்ள, 'ஃபோச்-அன்-அட்-லி' என்று பிரியும். 1976இல் டேனியல் கான் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு மூன்றாவது வழியைக் காட்டியது: ஒரு மெய் ஒரே நேரத்தில் இரண்டு அசைக்கும் உரியதாக நிற்கலாம்.

மூன்று விடைகளும் வெவ்வேறானவை. ஆனால் மூன்றும் அழுத்தத்தைக் கணக்கில் கொள்கின்றனவா இல்லையா என்பதில்தான் பிரிகின்றன. முதல் விதி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. வெல்ஸும் கானும் அதைப் பார்த்தே எல்லை வகுக்கிறார்கள். ஆங்கில மெய்களின் நுட்பமான ஒலி வேறுபாடுகளை விளக்குவதற்கு அவர்கள் வழியே கூடுதலாகப் பயன்படுகிறது.

அழுத்தம்: உரத்துச் சொல்வது மட்டுமன்று

ஐந்து அசைகளில் இரண்டாவதான 'ஃபோ' முதன்மை அழுத்தம் பெறுகிறது. அழுத்தம் என்றதும் உரத்துச் சொல்வது என்றே பலர் எண்ணுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் டென்னிஸ் ஃப்ரை 1955லும் 1958லும் வெளியிட்ட சோதனைகள் அந்த எண்ணத்தைத் திருத்தின. ஒலியின் உரப்பைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டுவது கேட்பவருக்கு அழுத்தத்தைத் தெளிவாக உணர்த்துகிறது. குரலின் சுருதியில் ஏற்படும் மாற்றம் அதனினும் வலிய அடையாளமாகிறது என்று அவர் காட்டினார். உரப்பு, நீளம், சுருதி ஆகிய மூன்றோடு உயிரின் தெளிவும் சேர்ந்ததே ஆங்கில அழுத்தம். அழுத்தம் பெற்ற அசையில் உயிர் முழுமையாக ஒலிக்கும். பெறாத அசையில் பெரும்பாலும் மங்கும்.

இந்தச் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. லத்தீனில் 'ஃபோர்த்தூனா' என்ற சொல்லின் நடு அசை நெடிலாக இருந்ததால் அழுத்தம் அங்கே விழுந்தது. பழைய பிரெஞ்சில் இறுதி உயிர்கள் தேய்ந்து, அழுத்தம் சொல்லின் கடைப்பகுதியில் நின்றது. நார்மானியர் ஆட்சிக்குப் பின் ஆங்கிலத்துள் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள், முதலசையை அழுத்தும் ஜெர்மானியப் பழக்கத்துக்கு மெல்ல மெல்ல வளைந்தன. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸரின் செய்யுளில் இத்தகைய சொற்கள் பிரெஞ்சு அழுத்தத்தோடும் வரும், ஆங்கில அழுத்தத்தோடும் வரும். பின்னர் ஆங்கில அழுத்தமே நிலைத்தது. 'ஃபார்ச்சூன்' முதலசை அழுத்தம் பெற்றது. அதிலிருந்து 'ஃபார்ச்சுனேட்' வந்தபோதும் அழுத்தம் அசையவில்லை. 'ஏட்' என்று எழுதி முடியும் மூவசைப் பெயரடைகள் பெரும்பாலும் இறுதியிலிருந்து மூன்றாவது அசையிலேயே அழுத்தம் கொள்ளும். 'மாடரேட்', 'டெலிகேட்', 'ஆடிகுவேட்' எல்லாம் அவ்வழியே. சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூல் இந்த ஒழுங்கை விதியாக வகுக்க முயன்ற பெருநூல்.

முதலசையான 'அன்' முதன்மை அழுத்தம் பெறாவிட்டாலும் அதன் உயிர் மங்குவதில்லை. அதனால் அது நடுத்தர வலிமையோடு நிற்கிறது. எதிர்மறையை வலியுறுத்த வேண்டிய இடத்தில் அழுத்தம் முழுவதும் அதற்கே தாவும். 'ஃபார்ச்சுனேட்லி ஆர் அன்ஃபார்ச்சுனேட்லி' என்று இரண்டையும் இணைத்துச் சொல்லும்போது, இரண்டாம் சொல்லில் 'அன்' ஓங்கி ஒலிப்பதைக் கேட்கலாம். முன்னது ஏற்கெனவே தந்துவிட்ட 'ஃபார்ச்சுனேட்லி'யில் புதிய செய்தி எதுவும் இல்லை. புதிய செய்தி 'அன்' மட்டுமே. வாக்கியத்தின் தலையில் தனித்து நிற்கும்போது, அழுத்த அசையில் குரல் இறங்கி, பின் வரும் மெலிந்த அசைகளில் சற்றே ஏறும். 'இன்னும் சொல்ல இருக்கிறது' என்று கேட்பவருக்கு உணர்த்துவது அந்த ஏற்றம்.

குறுக்கம்: தமிழருக்குப் பழைய கருத்து

அழுத்தம் பெறாத அசைகளில் உயிர் மங்குவதை விளக்கத் தமிழருக்கு அயல் கருத்து எதுவும் தேவையில்லை. சார்பெழுத்துக்களைப் பற்றிப் பேசும்போது நம் இலக்கணம் அதையே அளந்து சொல்கிறது. 'நாடு', 'பாக்கு' என்பவற்றின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும், அது குற்றியலுகரம். 'நடு', 'பசு' என்பவற்றில் அப்படிக் குறுகாது. தனிக்குறிலை அடுத்து வந்தால் உகரம் முழுதாக ஒலிக்கும். ஐகாரம் தனித்து நிற்காமல் சொல்லுக்குள் வரும்போது இரண்டு மாத்திரையிலிருந்து குறையும். அது ஐகாரக் குறுக்கம். உயிர் எங்கே நிற்கிறது, அதற்கு முன் என்ன இருக்கிறது என்பதை வைத்து அதன் அளவு மாறும் என்பது நம் மரபின் தெளிந்த கண்டுபிடிப்பு.

ஆங்கிலத்திலும் குறுக்கம் உண்டு. நிபந்தனை மட்டும் வேறு. அங்கே குறுக்கத்தைத் தீர்மானிப்பது அழுத்தம். அழுத்தம் இழந்த உயிர், எந்த எழுத்தால் எழுதப்பட்டிருந்தாலும், நாவின் நடுநிலையிலிருந்து எழும் மங்கிய அகரம் போன்ற ஒலியாகத் தேயும். மொழியியலார் அதை 'ஷ்வா' என்பார்கள். ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிர் அதுதான். ஆயினும் ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கென்று ஓர் எழுத்து இல்லை. நம் சொல்லின் மூன்றாம் அசையில் எழுதப்பட்டிருப்பது 'யு'. நான்காம் அசையில் எழுதப்பட்டிருப்பது 'ஏ'. இரண்டும் ஒலிப்பது ஒரே ஷ்வாவாக.

நான்காம் அசையை நெருங்கிப் பார்த்தால் ஒரு நல்ல விதி கிடைக்கும். 'ஏட்' என்ற ஈறு வினைச்சொல்லில் முழு உயிரோடு ஒலிக்கும். பெயரடையிலும் பெயரிலும் குறுகி 'அட்' என்றாகும். 'செப்பரேட்' என்பது பிரிக்கும் வினையானால் இறுதி 'ரேட்'. தனியான என்ற பொருளில் பெயரடையானால் 'செப்ரட்'. 'கிராஜுவேட்' பட்டம் பெறும் வினையானால் 'ஏட்'; பட்டதாரியைக் குறித்தால் 'அட்'. லி ஈற்று வினையடை பெயரடையிலிருந்து பிறப்பதால், 'ஏட்லி' என்று எழுதப்படும் வினையடைகள் ஏறத்தாழ எல்லாமே 'அட்லி' என்றுதான் ஒலிக்கும். இம்மீடியட்லி, அக்யுரட்லி, டெலிபரட்லி, அப்ராக்ஸிமட்லி, அல்டிமட்லி, பிரைவட்லி ஆகிய யாவும் இவ்வகை. விலக்கு, அழுத்தமே அந்த அசையில் விழும் 'இன்னேட்லி', 'செடேட்லி' போன்ற சில. விலக்கும்கூட அழுத்தத்தின் ஆட்சியையே மெய்ப்பிக்கிறது. 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று நாம் நீட்டிச் சொல்லும் 'னேட்' ஆங்கிலேயர் வாயில் 'நட்' ஆவது இதனால்தான்.

மூன்றாம் அசையில் எழுத்தில் டி, ஒலியில் சகரம். இதற்கும் தமிழில் நேர் இணை உண்டு. 'படித்தான்' பேச்சில் 'படிச்சான்' ஆகிறது. 'ஐந்து' 'அஞ்சு' ஆகிறது. 'வைத்து' 'வச்சு' ஆகிறது. இகரமோ யகரச் சாயலோ நாவை அண்ணத்தின் பக்கம் இழுத்துவிட, பல்லில் பிறக்க வேண்டிய தகரம் அண்ணத்தில் பிறந்து சகரமாகிறது. 'ஃபார்ச்சூன்' என்ற சொல்லில் டகரத்துக்குப் பின் 'யூ' என்ற ஒலி இருந்தது. அதிலிருந்த யகரமும் டகரமும் கலந்து சகரமாயின. தமிழில் முன்னிருக்கும் ஒலி இழுக்கிறது, ஆங்கிலத்தில் பின்னிருக்கும் ஒலி இழுக்கிறது, இயக்கம் ஒன்றே. 1791இல் ஜான் வாக்கர் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, 'நேச்சர்' போன்ற சொற்களில் இந்தச் சகர ஒலியைப் பதிவுசெய்துள்ளது.

இந்தத் திரிபிலும் அழுத்தத்தின் கை உண்டு. 'ஆப்பர்ச்சூனிட்டி' என்று நாம் சொல்லும் சொல்லில் வரும் ஓ-ஆர்-டி-யு-என் என்ற ஐந்து எழுத்தும் 'ஃபார்ச்சூன்' என்பதிலும் அதே வரிசையில் வருகின்றன. ஆனால் முன்னதில் அழுத்தம் அந்த 'யு' மீதே விழுகிறது. அதனால் பிரிட்டனின் மரபான உச்சரிப்பில் அங்கே டகரம் டகரமாகவே நின்று 'ட்யூ' என்று ஒலிக்கிறது. அமெரிக்காவில் யகரம் மறைந்து 'டூ' என்றாகிறது. பிற்கால பிரிட்டிஷ் பேச்சில் அங்கும் சகரம் புகுந்துவருகிறது. ஆயினும் அழுத்தமற்ற இடத்தில் அது நெடுங்காலம் முன்பே வந்துவிட்டது. அழுத்தமுள்ள இடம் நீண்டநாள் எதிர்த்து நின்றது.

உறுப்புகள்: வெளியே ஜெர்மானியம், உள்ளே லத்தீன்

பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி என்றும், அவற்றோடு சந்தி, சாரியை, விகாரம் என்றும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டும் நன்னூல் வழியில் பயின்றவருக்கு, இச்சொல்லின் உறுப்பிலக்கணம் எளிது. 'அன்' முன்னொட்டு. 'ஃபார்ச்சூன்' பகுதி. 'ஏட்' பெயரடை ஆக்கும் ஒட்டு. 'லி' வினையடை விகுதி.

பகுதி லத்தீன் 'ஃபோர்த்தூனா'. நல்லதும் கெட்டதுமாய் வரும் ஊழையும், அதற்கு அதிபதியாக ரோமர் வணங்கிய தேவியையும் குறித்த சொல். தற்செயலைக் குறிக்கும் 'ஃபோர்ஸ்' என்பதோடு உறவுடையது. 'ஏட்' லத்தீனின் செயப்பாட்டு எச்ச விகுதியான 'ஆத்துஸ்' என்பதன் வழிவந்தது. 'அன்' பழைய ஆங்கிலத்துக்கே உரிய எதிர்மறை. இதன் லத்தீன் இணையான 'இன்' சேர்த்த 'இன்ஃபார்ச்சுனேட்' என்ற வடிவமும் ஒருகாலத்தில் ஆங்கிலத்தில் வழங்கி, பின் மறைந்தது. இந்த இரண்டு எதிர்மறைகளின் குணமும் வேறு. 'இன்' புணர்ச்சியில் திரியும்: 'பாஸிபிள்' முன் 'இம்' ஆகும், 'லீகல்' முன் 'இல்' ஆகும், 'ரெகுலர்' முன் 'இர்' ஆகும். 'அன்' எழுத்தில் எங்கும் திரிவதில்லை. 'ரியல்' முன்னும் 'லைக்' முன்னும் அப்படியே நிற்கும்.

'லி' என்ற ஈரெழுத்து விகுதியின் கதை நீளமானது. உடலைக் குறித்த 'லீக்' என்ற பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லே அதன் மூலம். இன்ன உடலை உடையது, இன்ன வடிவினது என்ற பொருளில் பெயரோடு சேர்ந்து அது பெயரடை ஆக்கியது. பெயரடையோடு ஓர் எகரம் சேர்த்தால் வினையடை ஆகும் என்பது பழைய ஆங்கில விதி; அப்படி 'லீச்செ' என்ற வினையடை ஈறு பிறந்தது. இடைக்காலத்தில் இறுதி எகரமும் சகரமும் தேய்ந்து 'லி' மட்டும் எஞ்சியது. 'ஃபிரெண்ட்லி' பெயரடையாகவும் 'கைண்ட்லி' வினையடையாகவும் ஒரே ஈறு பெற்றிருப்பதன் காரணம் இதுதான். வெறும் எகரம் மட்டும் சேர்ந்திருந்த வினையடைகளில் அந்த எகரம் தேய்ந்தபின் விகுதியே இல்லாமல் போயிற்று. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' என்பவை பெயரடையாகவும் வினையடையாகவும் மாறாமல் நிற்பது அதனால். பழைய 'லீக்' ஆங்கிலத்தில் அடியோடு மறைந்துவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் பிணத்தை இறக்கிவைக்கும் கூரை வேய்ந்த முகப்புக்கு இன்றும் 'லிச்கேட்' என்று பெயர். 'போல' என்று பொருள்படும் 'லைக்' அதே குடும்பம்.

லத்தீன் வழிமொழிகள் மனத்தைக் குறிக்கும் 'மென்தே' என்ற பெயரை வினையடை விகுதி ஆக்கிக்கொண்டன. ஸ்பானிஷில் இரண்டு வினையடைகளை அடுக்கினால் அந்த விகுதியை இரண்டாவதற்கு மட்டும் தந்தால் போதும். அது இன்னும் பாதிச் சொல்லாகவே வாழ்கிறது. ஆங்கில 'லி' அப்படிக் கழன்று நிற்காது; முழு விகுதியாகிவிட்டது. 'நன்றாக', 'அழகாக' என்பவற்றில் வரும் நம் 'ஆக'வும் 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்ததே. முழுச்சொல் தேய்ந்து விகுதியாவது மொழிகளின் பொது இயல்பு.

நான்கு உறுப்பும் எந்த வரிசையில் கூடின? 'அன்ஃபார்ச்சூன்' என்ற பெயர் ஆங்கிலத்தில் நிலைக்கவில்லை; பெயருக்கு எதிர்மறை 'மிஸ்ஃபார்ச்சூன்'. ஆகவே 'ஏட்' சேர்ந்து பெயரடை ஆன பின்பே 'அன்' சேர்ந்திருக்க வேண்டும். பெயரடையிலிருந்து பிறக்காத 'சூன்', 'ஆஃபன்' போன்ற வினையடைகள் 'அன்' ஏற்பதே இல்லை. ஆகவே 'அன்' சேர்ந்தது பெயரடையோடுதான். 'லி' கடைசியில் வந்தது. முதலில் 'ஃபார்ச்சுனேட்', அடுத்து 'அன்ஃபார்ச்சுனேட்', இறுதியில் 'அன்ஃபார்ச்சுனேட்லி'. உள்ளிருக்கும் இரண்டு உறுப்பும் லத்தீன். வெளியே சூழ்ந்த இரண்டும் ஜெர்மானியம்.

அழுத்தத்தை நகர்த்தும் ஒட்டும் நகர்த்தாத ஒட்டும்

இந்த உள்-வெளி அமைப்பு அழுத்தத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆங்கில ஒட்டுகள் இரு வகை என்று டோரதி சீகல் 1974இல் காட்டினார். பால் கிபார்ஸ்கி 1982இல் அதை விரித்தார். ஒரு வகை பகுதியோடு நெருங்கிச் சேர்ந்து அழுத்தத்தை இடம் மாற்றும். பெரும்பாலும் லத்தீன், கிரேக்க வழியின. மற்றது வெளியே ஒட்டி நிற்கும், அழுத்தத்தைத் தொடாது, பெரும்பாலும் ஜெர்மானிய வழியின. 'ஃபோட்டோகிராஃப்' முதலசையில் அழுத்தம் கொள்கிறது. 'ஃபோட்டோகிராஃபி'யில் அது இரண்டாம் அசைக்கும், 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாம் அசைக்கும் நகர்கிறது. நகர்ந்த அழுத்தத்தோடு உயிர்களும் மாறுவதால் மூன்றும் மூன்று சொற்கள் போலவே ஒலிக்கின்றன. ஆனால் 'லி' சேர்ந்தால் எதுவும் மாறாது. 'ஃபார்ச்சுனேட்' எங்கே அழுத்தம் கொண்டதோ, 'அன்'னும் 'லி'யும் சேர்ந்த பின்னும் அங்கேயே கொள்கிறது.

இந்த விதிக்குச் சில விலக்குகள் உள்ளன. 'நெசசரி' முதலசை அழுத்தம் பெறும். 'நெசசரிலி' பிரிட்டனின் மரபில் அதே அழுத்தத்தோடு வரும். அமெரிக்காவில் அது மூன்றாம் அசைக்குத் தாவி 'செ'ரிலி என்று ஓங்கும். 'பிரைமரிலி', 'வாலன்டரிலி' ஆகியவற்றிலும் அங்கே அழுத்தம் முதலசையை விட்டுத் தாவும். அழுத்தத்துக்குப் பின் மெலிந்த அசைகள் வரிசையாக வருவதை ஆங்கில நா சிரமமாகக் கருதுகிறது என்பதே இதன் விளக்கம். 'பேஸிக்கலி' போன்ற வினையடைகளில் எழுத்தில் இருக்கும் 'அல்' என்ற உறுப்பு ஒலியில் இல்லாமலே போய், மூன்றே அசையாகச் சுருங்கிவிடுகிறது. 'பப்ளிக்லி' மட்டும் அந்த 'அல்' இல்லாமலே எழுதப்படும் விலக்கு.

அச்சுக்கூடத்தின் கோடு

வரியின் இறுதியில் சொல்லை உடைத்து இடைக்கோடு இட வேண்டிய தேவை அச்சுக்கு உண்டு. அங்கே ஒலிக்கும் உறுப்புக்கும் இடையிலான போட்டி வெளிப்படையாகிறது. 18ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த தாமஸ் டில்வொர்த்தின் பாலபாடம் 'கிளஸ்டர்' என்ற சொல்லை 'கிள-ஸ்டர்' என்று உடைத்தது. 1783இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட பாலபாடம், காதுக்குக் கேட்பதே வழிகாட்டி என்று சொல்லி 'கிளஸ்-டர்' என்று உடைத்தது. அமெரிக்க அகராதிகள் உச்சரிப்பைத் தழுவி உடைக்கும் மரபு அவர் வழியில் வலுப்பெற்றது. பிரிட்டிஷ் அச்சு மரபு சொல்லின் உறுப்புக்குக் கூடுதல் மதிப்பு தந்தது. நம் சொல்லை அமெரிக்க முறையில் ஐந்தாக உடைக்கும்போது, 'யு'வுக்குப் பின் கோடு விழுகிறது. 'என்' அடுத்த துண்டுக்குப் போகிறது. பகுதியான 'ஃபார்ச்சூன்' நடுவில் அறுபடுகிறது. பகுதியைக் காக்க நினைப்பவர் 'என்'னுக்குப் பின்னே உடைப்பார்.

1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் அளித்த ஆய்வேடு, இந்த வேலையைக் கணினிக்குக் கற்பித்தது. 4,447 எழுத்துக் கோலங்களைக் கொண்டே, அகராதி அனுமதிக்கும் உடைப்பிடங்களில் 89 விழுக்காட்டை அது கண்டுபிடித்தது. டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் இம்முறையையே ஏற்றது. ஆங்கிலத்துக்கு அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்பு, சொல்லிறுதியில் மூன்று எழுத்துக்குக் குறைவாக அடுத்த வரிக்கு அனுப்பாது. அதனால் 'லி' என்ற விகுதியை அது தனியே உடைப்பதில்லை. அசை, உறுப்பு இரண்டுக்கும் எல்லையாக நிற்கும் அந்த இடத்தில், இரண்டெழுத்து மட்டும் அடுத்த வரியில் நின்றால் கண்ணுக்கு உறுத்தும் என்பதற்காக அச்சு கோடு இட மறுக்கிறது. அகராதியில் காணும் உடைப்புப் புள்ளிகளை உச்சரிப்பு வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கற்பிக்கும் வரிசை

தமிழில் அழுத்தத்தை மாற்றினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. குறில் நெடிலை மாற்றினால் மாறும். 'படு' வேறு, 'பாடு' வேறு. ஆகவே தமிழ்க் காது நீளத்தைக் கூர்ந்து கேட்கிறது, அழுத்தத்தைத் தேடுவதில்லை. எழுதியிருக்கும் எல்லா உயிரையும் முழுதாக ஒலிப்பது நமக்கு நேர்மையான உச்சரிப்பாகப் படுகிறது. ஆங்கிலக் காதின் எதிர்பார்ப்பு வேறு. ஆங்கில உரையாடலில் வரும் பொருட்சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு வலிய அசையில் தொடங்குவதாக ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் காட்டினார்கள். வலிய அசை கேட்டதும் புதிய சொல் தொடங்குகிறது என்று ஆங்கிலம் கேட்பவர் கொள்வதை அடுத்த ஆண்டு கட்லரும் டென்னிஸ் நாரிஸும் சோதனையால் நிறுவினார்கள். 'னேட்' என்று நாம் முழுமையாக அழுத்தும்போது, அங்கே இன்னொரு சொல் தொடங்குவதாக அவர் காது தடுமாறக்கூடும். ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்திலிருந்து ஆர். கே. பன்சல் 1969இல் வெளியிட்ட ஆய்வும், இந்தியரின் ஆங்கிலம் பிறநாட்டாருக்கு விளங்காமல் போவதற்கான முதன்மைக் காரணங்களுள் அழுத்தம் இடம் மாறுவதைச் சேர்க்கிறது.

லண்டன்காரர் போல் பேசினால்தான் ஆங்கிலம் என்று நான் சொல்லவில்லை. நமக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு. அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் அழுத்தம் உச்சரிப்பின் அலங்காரம் அன்று; சொல்லை அடையாளம் காட்டும் உறுப்பு. எழுத்துக்கூட்டலைப் பிழையின்றிக் கற்பிக்க நாம் எடுக்கும் முயற்சியில் ஒரு பங்கை அதற்குத் தர வேண்டும்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியது மூன்று. புதிய சொல்லைத் தனியே தராமல் அதன் குடும்பத்தோடு தாருங்கள். 'ஃபார்ச்சூன், ஃபார்ச்சுனேட், அன்ஃபார்ச்சுனேட்லி' என்று வரிசையாகச் சொல்லும்போது அழுத்தம் அசையாமல் நிற்பது மாணவருக்குத் தானே புலப்படும். எழுத்தைச் சொல்வதற்கு முன் அழுத்த அசையைச் சொல்லுங்கள். குற்றியலுகரமும் ஐகாரக் குறுக்கமும் கற்ற மாணவருக்கு ஆங்கில உயிரின் குறுக்கத்தை அந்தப் பாடத்தோடு இணைத்துக் காட்டுங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் அது. ஆங்கிலம்-தமிழ் அகராதி தொகுப்பவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அழுத்தக் குறியைத் தவறாமல் அச்சிட வேண்டும். குறி எந்த அசைக்கு உரியது என்பதை முன்னுரையில் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். செலவில்லாத சிறு மாற்றம் இது. பயன் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.